சாய்ந்த சில்வர் ஓக்கில் ஒரு பசுமைக்குடில்

கோத்தகிரிப் பக்கம் வீடு, ஐப்பசி மழையில் காற்றுக்குச் சாய்ந்த இரண்டு சில்வர் ஓக் மரங்கள் கொல்லையில் கிடக்கின்றன, செயின்சா வைத்து நானே அறுத்து 10க்கு 12 அடியில் ஒரு பசுமைக்குடில் கட்டலாமா, எத்தனை மாதம் காய வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டலாம். மாதக் கணக்கையும் கீழே சொல்கிறேன். ஆனால் கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, "எத்தனை வருஷம் நிற்கும்?" என்று, உண்மையான கேள்வி அதுதான். காசில்லாமல் கிடைத்த மரம், தினமும் உள்ளேயே மழை பெய்கிற மாதிரி ஈரம் நிற்கும் ஒரு கூட்டுக்குள் எவ்வளவு நாள் தாங்கும்? அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

நான் தச்சு வேலைக்காரன். அப்பா மரம் அறுக்கும் மில்லில் இருந்தவர். முப்பது வருஷமாக இந்த மலையிலேயே கதவு, ஜன்னல், கூரைச் சட்டம் என்று செய்துகொண்டிருக்கிறேன். மரத்தில் பசுமைக்குடில் என்று கட்டியது ஐந்துதான். நான்கு நிற்கின்றன, ஒன்று விழுந்தது. பொறியியல் படித்தவன் இல்லை. அதனால் நான் தரும் கணக்குகளை ஒரு வீட்டுக் கொல்லைக்கான தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 30 அடி அகலத்தில் கட்டப்போகிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

முதலில் கத்தியை வைக்கும் முன் ஒரு காகித வேலை இருக்கிறது. நம் மலைப்பகுதிகளில் பட்டா நிலத்து மரமானாலும் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 பொருந்தும். விழுந்த மரம்தானே என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. விழுந்து கிடக்கும் நிலையில் நாலு பக்கமும் படம் எடுத்து, வேர் தெரிய ஒரு படமும் எடுத்து, வனச்சரகர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகு அறுங்கள். கட்டையை லாரியில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அதற்கு வேறு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலேயே அறுப்பதில் உள்ள பெரிய வசதி இதுதான் என்று சொல்வேன், கட்டை உங்கள் வேலியைத் தாண்டவே வேண்டியதில்லை.

அடுத்தது, காற்றில் சாய்ந்த மரம் வெட்டிச் சாய்த்த மரத்தைப் போல இருக்காது. வேரோடு பெயர்ந்து கிடக்கும் மரத்தில் அடிமரத்தை அறுத்ததும், மண்ணோடு தூக்கி நிற்கும் வேர்ப்பந்து திடீரென்று பழைய குழிக்குள் திரும்பி உட்காரும். அதன் பின்னால் யாராவது நின்றால் அவ்வளவுதான். நாய், குழந்தை, வேடிக்கை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர், யாரும் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. இந்த முதல் வெட்டை மட்டும் பழகின ஆளை வைத்துச் செய்யுங்கள், கூலியைப் பார்க்காதீர்கள். இன்னொரு விஷயம் பலகை ஆன பிறகுதான் தெரியும். மரம் காற்றில் வளைந்து வளைந்து ஆடியபோது உள்வளைவுப் பக்கத்து நார்கள் நசுங்கியிருக்கலாம். இழைப்புளி போட்ட முகத்தில், நாருக்குக் குறுக்கே தலைமுடி போல் ஒரு மெல்லிய சுருக்கக் கோடு தெரியும். சாய்வான வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். அந்தக் கோடு உள்ள சட்டம் பார்வைக்கு முழுசாக இருக்கும், பாரம் ஏறினால் சாக்பீஸ் மாதிரி நறுக்கென்று குறுக்கே உடையும். அதைக் கூரைக்குப் போடாதீர்கள், நாற்றுத் தட்டு செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மரத்தின் குணத்துக்கு வருவோம். தேயிலைக்கு நிழலாக நட்ட மரம் இது. லேசானது, அறுக்க எளிது, ஆரவாட்டத்தில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில், அறுத்தால் பலகை முகத்தில் மீன் செதில் போலப் பளபளக்கும். பார்க்க அழகு. ஆனால் தேக்கு மாதிரி வைரம் பாய்ந்து தன்னைத் தானே காத்துக்கொள்ளும் மரம் இல்லை. மண்ணில் நட்டால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் கரையும். பட்டையை ஒட்டிய வெள்ளைப் பகுதியில் மாவு மாவாய் உதிர வைக்கும் வண்டும் விழும். இவை சந்தேகமில்லாத விஷயங்கள். அதே சமயம் ஈரம் நிற்காத இடத்தில், கூரைக்குக் கீழே, இதே சில்வர் ஓக் இருபது வருஷம் தாண்டி நிற்பதையும் இந்த ஊர்த் தோட்டக் கொட்டகைகளில் பார்த்திருக்கிறேன். இரண்டும் உண்மைதான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு வேலை தொடங்க நூற்றுக்கு 25, 30 பங்கு அளவில் ஈரம் வேண்டும். 20 பங்குக்குக் கீழே வைத்திருந்தால் அது பட்டினி. ஆக, மரம் எவ்வளவு நல்ல மரம் என்பதைவிட, நனைந்த மரம் திரும்பக் காய வழி வைத்திருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விழுந்துபோன அந்த ஒரு குடிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நான் முதலில் கட்டியது அதுதான். எட்டுக் கால்களையும் குழி தோண்டி நட்டு, சுற்றிலும் கான்கிரீட் போட்டு, "இனி யானை வந்தாலும் அசையாது" என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அடியில் தார் வேறு பூசியிருந்தேன். மரம் காய்ந்து சுருங்கியது, கான்கிரீட் சுருங்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. உள்சுவரில் வழிந்த தண்ணீர் எல்லாம் காலைப் பிடித்துக்கொண்டே இறங்கி அந்த இடைவெளிக்குள் போய் நின்றது. தார் பூசியதால் போன தண்ணீர் வெளியேறவும் வழியில்லை. நான்காவது வருஷம் ஆனி மாதக் காற்றில் ஒரு பக்கமாக மடங்கி உட்கார்ந்தது. போய்ப் பார்த்தேன். கான்கிரீட் விளிம்புக்கு ஒரு அங்குலம் மேலே வரை மரம் புதிது போல இருந்தது. அந்த விளிம்பில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. கேக்கில் கத்தி இறங்குவதைப் போல. அன்றிலிருந்து எந்த மரக்காலையும் நான் மண்ணிலோ கான்கிரீட்டிலோ புதைப்பதில்லை.

ஆகவே, உங்கள் குடிலுக்குக் கீழே ஒரு அடி உயரத்துக்குக் கருங்கல்லோ ஹாலோ பிளாக்கோ வைத்துச் சுற்றுச்சுவர் எழுப்புங்கள். அதன் மேல் தார் ஷீட் அல்லது தடித்த பிளாஸ்டிக் பட்டை ஒன்று, அதன் மேல் அடிச்சட்டம், அதன் மேல் கால்கள். கரையானுக்கும் இந்த ஒரு அடி உதவும், மண்கோடு போட்டு ஏறினால் உங்கள் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சுவர் மேல் சும்மா உட்கார வைத்தால் காற்று தூக்கிவிடும், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பசுமைக்குடில் பாரத்தில் விழுவது குறைவு, பறந்துதான் போகும். மணிக்கு 90 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ அழுத்தம் தரும். உங்கள் குடிலின் தளம் சுமார் 11 சதுர மீட்டர். கூரை மேல் அந்தக் காற்று முழுசாக மேல்நோக்கி இழுத்தால் 400 கிலோவைத் தாண்டும். கதவு திறந்து கிடந்து உள்ளேயும் காற்று புகுந்தால் இன்னும் கூடும். உங்கள் மரச்சட்டம் மொத்தமும் சேர்ந்தாலும் அந்த எடை வராது. அதனால் ஒவ்வொரு காலுக்கும் நேர் கீழே ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அடி ஆழத்தில் கான்கிரீட் போடுங்கள். ஒன்று 100 கிலோ வரும், எட்டும் சேர்ந்து 800. அதில் கால் அங்குலத் தடிப்பு கால்வனைஸ் செய்த இரும்புப் பட்டையைப் பதித்து, சுவர் வழியாக மேலே கொண்டுவந்து, மரக்காலை இரண்டு போல்ட்டால் அதோடு பிடியுங்கள். கால் பட்டையோடு இறுகப் பிடித்திருக்க வேண்டும், அதன் அடிமுகம் எங்கேயும் தண்ணீரில் உட்காரக் கூடாது.

மரம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். மர வியாபாரிகள் கணக்கிலேயே பார்ப்போம். நடுச்சுற்றளவு 50 அங்குலம், நீளம் 20 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். சுற்றளவில் கால் பங்கு 12.5 அங்குலம், அதை அதாலேயே பெருக்கி, 144ஆல் வகுத்து, நீளத்தால் பெருக்கினால் ஒரு மரம் 21.7 கன அடி, ஏறக்குறைய 22. இந்தக் கால்சுற்றளவுக் கணக்கு நூற்றுக்கு 21 பங்கை முன்கூட்டியே கழித்துவிடும், நிஜத்தில் கட்டையில் 27 கன அடிக்கு மேல் இருக்கும். வாங்குகிறவருக்குச் சாதகமாக அந்தக் காலத்தில் வைத்த கணக்கு அது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுக் கால், அடியிலும் தலையிலும் சுற்றுச்சட்டம் எல்லாம் நாலுக்கு மூணு அங்குலம், கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்) மூணுக்கு ரெண்டு, குறுக்குப் பட்டிகள் ரெண்டுக்கு ரெண்டு, முகட்டுப் பலகை, கதவு, ஜன்னல், மூலைத் தாங்கிகள் எல்லாம் சேர்த்தால் உங்களுக்கு வேண்டியது சுமார் 18 கன அடி. வீட்டு அறுப்பில் பாதிக்குப் பாதி சேதாரம் என்றாலும் இரண்டு மரம் தாராளம். மீதியில் ஒரு பெஞ்சு போட்டுக்கொள்ளலாம்.

அறுப்பு. செயின்சாவில் பொருத்தும் பலகை அறுக்கும் சட்டகம் இப்போது ஆன்லைனிலேயே கிடைக்கிறது. கட்டையின் மேல் முகத்தில் ஒரு நேரான அலுமினிய ஏணியைத் திருகாணி போட்டுப் பிடித்து, அதன் மேல் சட்டகத்தை ஓட்டினால் முதல் வெட்டு தட்டையாக வரும். அதற்கப்புறம் அந்தத் தட்டை முகமே வழிகாட்டி. ஏணி வளைந்திருந்தால் எல்லாப் பலகையும் வளைந்து வரும், முதலில் நூல் பிடித்துப் பார்த்துவிடுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் 50 சிசி ரம்பம் 16 அங்குல அகலத்துக்கு மூச்சு வாங்கும், 70 சிசிக்கு மேல் கேளுங்கள். விறகு வெட்டும் சங்கிலியின் பற்கள் 30 பாகை கோணத்தில் இருக்கும், அது நாருக்குக் குறுக்கே வெட்டுவதற்கானது. நீளவாக்கில் அறுக்க 10 பாகைக்குத் தீட்டின சங்கிலி வேண்டும். இல்லாவிட்டால் பலகை முகம் முழுக்கக் கோடு கோடாய் வரும், மோட்டாரும் சூடேறும். செயின்சா ஒவ்வொரு வெட்டுக்கும் 8, 9 மில்லிமீட்டர் தின்றுவிடும். ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் மரத்தில் கால் பங்கு தூளாகப் போகும், இரண்டு அங்குலமாக அறுத்தால் ஏழில் ஒரு பங்குதான். அதனால் எல்லாவற்றையும் முதலில் இரண்டு, மூன்று அங்குலத் தடிப்பில் அறுத்துக்கொண்டு, மெல்லிய பட்டிகளை மட்டும் பின்னால் ஆசாரி கடையின் வட்ட ரம்பத்தில் கிழித்துக்கொள்ளுங்கள்.

கட்டையின் நடுச்சோற்றை, அதாவது மையத்தில் ஓடும் மென்மையான பகுதியை, எந்தச் சட்டத்துக்குள்ளும் விடாதீர்கள். மரம் காயும்போது ஆரவாட்டத்தில் சுருங்குவதைப் போல இரண்டு மடங்கு வளையத்தின் போக்கில் சுருங்கும். நடுச்சோறு உள்ளே மாட்டினால் சட்டம் அதைச் சுற்றி வெடிக்காமல் வேறு வழியில்லை. நடுவில் இரண்டு அங்குலத்தைத் தனியாக எடுத்து அடுப்புக்குப் போடுங்கள். இன்னொன்று, சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். எனக்கு ஒன்றும் ஆகாது, என்னோடு வேலை செய்த பையனுக்கு முழங்கை வரை தடித்துவிட்டது. முழுக்கைச் சட்டை, முகக்கவசம், கண்ணாடி, வேலை முடிந்ததும் குளியல். புகையும் தூளும் நேராக முகத்துக்கு வரும் வேலை இது, தனியாகச் செய்யாதீர்கள்.

காய வைப்பதில்தான் நீங்கள் அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. "ஒரு அங்குலத்துக்கு ஒரு வருஷம்" என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு, மேஜை நாற்காலி செய்கிறவர்களுக்குப் பொருந்தலாம். நீங்கள் கட்டப்போவது என்ன என்று யோசியுங்கள். பசுமைக்குடிலுக்குள் மரம் எப்படியும் 16 முதல் 20 பங்கு ஈரத்தில்தான் வாழப்போகிறது. அதை 10 பங்குக்குக் காய வைத்து உள்ளே மாட்டினால் திரும்ப ஊதிக்கொள்ளும். 20க்குக் கொண்டுவந்தால் போதும். தை மாதம் அறுத்து அடுக்கினால் இரண்டு அங்குலச் சட்டம் சித்திரை, வைகாசிக்குள் அங்கே வந்துவிடும் என்பது என் அனுபவம். நாலுக்கு மூணு கால்கள் அதற்குள் முழுக்கக் காயாது, பரவாயில்லை. கால்களை ஓரளவு பச்சையாகவே நிறுத்தி, போல்ட்டுகளை மட்டும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை முறுக்கிவிட்டால் போதும். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு மட்டும் நன்றாகக் காய்ந்த மரம் வேண்டும். அவற்றையும் வெயில் காலத்தில் இறுக்கமாகப் பொருத்தாதீர்கள், சுற்றிலும் கால் அங்குலம் விடுங்கள். கார்த்திகையில் திறக்க முடியாமல் தோளால் இடித்த கதவுகள் இரண்டு எனக்குத் தெரியும், இரண்டும் நான் செய்தவை.

அடுக்குவது ஒரு கலைதான், ஆனால் கடினமில்லை. அறுத்த அன்றே ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் மிச்சம் கிடக்கும் எனாமல் பெயிண்டைத் தடிப்பாகப் பூசுங்கள், முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விழும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், ரசமட்டம் பார்த்து வைத்த கட்டைகளின் மேல், ஒரு வரிசைச் சட்டம், அதன் மேல் குறுக்காக ஒரு அங்குல ரீப்பர் (மெல்லிய மரப்பட்டி) துண்டுகள், மறுபடி சட்டம் என்று வையுங்கள். ரீப்பர் துண்டுகள் இரண்டு அடிக்கு ஒன்று, எல்லா வரிசையிலும் ஒன்றன் மேல் ஒன்றாக நேர்கோட்டில் வர வேண்டும். அது தவறினால் சட்டம் அலை அலையாக வளையும். மேலே தகரம், அதன் மேல் நாலு கருங்கல். பக்கங்களை மூடவே கூடாது. நம் ஊர் மூடுபனிக்குப் பயந்து தார்ப்பாய் போட்டுச் சுற்றிக் கட்டினால் ஒரே மாதத்தில் எல்லாம் பூஞ்சை பிடித்து நீலம் பூத்துவிடும். காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வாங்க வேண்டியதில்லை. இரண்டு சட்டங்களில் அடையாளம் போட்டு வாரா வாரம் எடை போடுங்கள். எடை குறைவது ஏறக்குறைய நின்றுவிட்டால், காற்று எவ்வளவு காய வைக்க முடியுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது.

பூச்சிக்கும் பூஞ்சைக்கும் மருந்து. வீட்டில் செய்யக்கூடியது வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் ஆசிடும். போரிக் என்பது கேரம் போர்டுக்குப் போடுவார்களே, அதே சரக்கு. 50 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ போரிக், ஒன்றரைக் கிலோ வெங்காரம். வெந்நீரில் கரைத்தால் சீக்கிரம் கரையும். இதை ஈரமான மரத்தில்தான் கொடுக்க வேண்டும், அறுத்த ஒன்றிரண்டு நாளுக்குள். ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே நடந்து போகும், காய்ந்த மரத்தில் மேலோடு நின்றுவிடும். முக்கி எடுத்து, இரண்டு மூன்று வாரம் நெருக்கமாக அடுக்கிப் பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்து, அப்புறம் மேலே சொன்னபடி காற்றோட்டமாக அடுக்குங்கள். ஒரு அங்குலப் பலகைக்கு இது நன்றாக வேலை செய்யும். மூன்று அங்குலச் சட்டத்தில் நடுவரை போய்ச் சேர்ந்ததா என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். மஞ்சள் சாற்றையும் அமிலத்தையும் வைத்து ஆய்வகத்தில் இதைச் சோதிப்பார்கள். வீட்டில் வெறும் மஞ்சள் தடவிப் பார்ப்பது பயன்படாது, வெங்காரத்தின் காரத்துக்கே மஞ்சள் சிவந்துவிடும். இரண்டு எச்சரிக்கை: இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறும், அதனால் மேலே பெயிண்ட் வேண்டும். இது அளவு கூடினால் செடிக்கு நஞ்சு, முக்கின தண்ணீரைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். வண்டிக் கழிவு ஆயில் பூசலாமா என்று உங்களுக்குக் கட்டாயம் யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். வெயிலில் உருகிச் செடி மேல் சொட்டும், பாலித்தீனையும் கெடுக்கும். கிரியோசோட் போன்ற தார் எண்ணெய்களின் ஆவியே மூடிய இடத்தில் இலைகளைக் கருக்கிவிடும்.

சட்டங்களைக் கூட்டும்போது ஆசாரிகள் கழுந்தும் துளையும் (ஒரு சட்டத்தின் நுனியைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் செருகும் மூட்டு) போட ஆசைப்படுவார்கள், எனக்கும் ஆசைதான். ஆனால் பசுமைக்குடிலில் மேல்நோக்கித் திறந்த துளை என்பது ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. பாதிக்குப் பாதி வெட்டிச் சேர்த்து போல்ட் போடுவது இங்கே நல்லது, பிரிக்கவும் மாற்றவும் எளிது. படுக்கையாக வரும் எல்லாச் சட்டங்களின் மேல் முகத்தையும் லேசாக வாட்டம் கொடுத்து இழைத்துவிடுங்கள், தண்ணீர் நிற்காமல் வழியட்டும். கால்வனைஸ் போல்ட், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் திருகாணி, எல்லாவற்றுக்கும் முன்துளை. காய்ந்த சில்வர் ஓக்கில் நேராக ஆணி அடித்தால் முனையில் பிளக்கும். மூலைகளில் சாய்வுத் தாங்கி வைக்க மறக்காதீர்கள், கண்ணாடி மாதிரி கெட்டியான சுவர் இல்லாததால் சட்டத்தை நேராக நிறுத்துவது அவைதான்.

கூரைக்கு ஐந்து அடி ஓட்டத்துக்கு மூன்று அடி ஏற்றம் கொடுங்கள், சுமார் 31 பாகை வரும். அதற்குக் குறைந்தால் உள்பக்கம் பூக்கும் நீர்த்துளி வழிந்து ஓரத்துக்குப் போகாமல் நேராக நாற்று மேல் சொட்டும். மேலே 200 மைக்ரான் யூவி (புற ஊதாக் கதிரைத் தாங்கும்) பாலித்தீன் போட்டால் மூன்று முதல் ஐந்து வருஷம். பாலித்தீன் தொடும் சட்டங்களின் மேல்முகம் முழுக்க வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். வெயிலில் சூடாகும் கருத்த சட்டத்தின் மேல்தான் ஷீட் முதலில் கிழியும். பாலிகார்பனேட் என்றால் யூவி பூச்சு உள்ள முகம் வெளியே, உள்குழல்கள் மேலிருந்து கீழாக, திருகாணித் துளை கொஞ்சம் பெரிதாக. பழைய ஜன்னல் கண்ணாடியைத் தலைக்கு மேல் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

காற்றுவழிதான் மரத்துக்கும் செடிக்கும் பொதுவான மருந்து. உங்கள் 120 சதுர அடித் தளத்துக்குக் குறைந்தது 24 சதுர அடி திறப்பு வேண்டும், பாதி பக்கவாட்டில் சுருட்டி ஏற்றுவதாக, பாதி முகட்டை ஒட்டித் திறப்பதாக. சூடான காற்று மேலே போனால்தான் கீழே புதுக்காற்று வரும். பூச்சிவலை போட்டால் காற்று குறையும், திறப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். முகடு எந்தத் திசை என்பதற்கு நாம் இருக்கும் இடத்தில் பெரிய கவலை வேண்டாம், ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் சூரியன் உச்சந்தலையில்தான் நிற்கிறான். குறுகிய பக்கம் காற்றைப் பார்க்கட்டும், அது போதும். உறைபனிக்குப் பயந்து கட்டுவதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வெறும் பாலித்தீன் இரவில் மண் வெளிவிடும் வெப்பக் கதிரைச் சரியாகத் தடுக்காது. மேகமில்லாத மார்கழி இரவில், காற்றும் இல்லாதபோது, உள்ளே வெளியைவிடக் கூடக் குளிராகலாம். நாற்றுகளின் மேல் ஒரு பழைய வேட்டியை விரித்து மூடுவது நல்ல பலன் தரும்.

கடைசியாக, வருஷக் கணக்கு. மண்ணைத் தொடாமல், வாட்டமும் காற்றுவழியும் வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடித்தால் மேல்சட்டங்கள் 12 முதல் 15 வருஷம் நிற்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், நான் கட்டி நிற்பதில் மூத்ததற்கு வயது பதினொன்றுதான். அடிச்சட்டத்தை அதற்கு முன்பே ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அதனால் அதை மட்டும் கழற்றி மாட்டும்படி போல்ட்டில் வையுங்கள், இரண்டு சட்டங்களைக் கூடுதலாக அறுத்து அட்டத்தில் போட்டு வையுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) மலிவாகக் கிடைக்கிறது, கால்களுக்கு அதைப் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கெட்டியான மரம்தான். ஆனால் உள்ளே முறுக்கிப் பிடித்த விசை நிறைய, ரம்பம் பாதி போகும்போதே பலகை வில்லாக வளையும். பழகின மில்காரர்களே திணறுகிற மரத்தில் முதல் அறுப்பு பழக வேண்டாம். மரத்தைக் காசு கொடுத்து வாங்கித்தான் கட்ட வேண்டும் என்ற நிலை வந்தால், தச்சனான நானே சொல்கிறேன், ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வாங்கிக்கொள்ளுங்கள்.